டபிள்யூ எழுத்துள்ள ரேசர்

திருவனந்தபுரத்தில், சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் போய், பழைய ரேசருக்கு எந்தக் கடை என்று கேட்டுப் பாருங்கள். என் கடையைக் காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, நாகர்கோவிலில் பஸ் ஏறி, இங்கே கிழக்கே கோட்டை என்கிற இடத்தில் ஓர் ஓட்டலில் எச்சில் இலை எடுக்க வந்தவன் நான். அந்த ஓட்டல் வாசலிலேயே தார்ப்பாய் விரித்துப் பழைய பேனா, லைட்டர், ரேசர் விற்க ஆரம்பித்தேன். தார்ப்பாய் பெட்டிக்கடையானது. பெட்டிக்கடை ஷட்டர் போட்ட கடையானது. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. என் கண்தான் தூக்கிவிட்டது.

அந்தக் கண் ஒருமுறை தவறியது. தவறியது ஒரே ஓர் எழுத்தில். அதற்கான பலனை அனுபவித்தவள் என் மனைவி.

முதலில் அந்த ரேசரைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்போதுள்ளவர்கள் பிளாஸ்டிக்கால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூர எறிகிறார்கள். அன்றைய ரேசர் பித்தளையில் செய்து மேலே நிக்கல் பூசியது. வால் பக்கத்துத் திருகைத் திருப்பினால் தலையில் இரண்டு கதவுகள் விரியும். பிளேடை உள்ளே வைத்துத் திருகை இறுக்கினால் கதவுகள் சாத்திக்கொள்ளும். அதிலேயே உசத்தியான வகைக்குக் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டிருக்கும். வளையத்தைத் திருப்பினால் பிளேடின் விளிம்பு கூடவோ குறையவோ வெளியே தெரியும். பூனை மயிர் போன்ற தாடிக்கு ஒன்று. தேங்காய் நார் போன்ற தாடிக்கு ஒன்பது. இதற்கு நம்பர் செட் என்று பெயர். பெயர் வைத்தவன் நான்.

நம்பர் செட்டில் மூன்று சாதி உண்டு. கழுத்துப் பருத்தது தடியன். கழுத்து ஒடுங்கியது மெலிஞ்சான். பிடி நீண்டு, கறுப்புப் பூச்சோடு பிற்பாடு வந்தது நீளன். நீளனைக் குருடன்கூடச் சொல்லிவிடுவான். தடியனையும் மெலிஞ்சானையும் தனித்தனியே பார்த்தால் பலருக்குக் குழம்பும். எனக்குக் குழம்பாது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் இரண்டு விரல் வைத்தால் போதும். ஒருமுறை பந்தயம் வைத்துக் கடைத்தெருவே கூடி நிற்க, கண்ணைக் கட்டிவிட்டுப் பதினொரு ரேசர் கொடுத்தார்கள். பதினொன்றையும் சொன்னேன். வளையத்தைத் திருப்புமுன் வால் திருகை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே பல் தேய்ந்துவிடும். அது தெரியாமல் முறுக்கிய ஒரு பெரிய உத்தியோகஸ்தரிடம், "சார், கைய எடுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவன் நான்.

இன்னோர் அடையாளம் தலைக்கு அடியில் இருக்கும். பிளேடு உட்காரும் தகட்டின் அடியில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் ஓர் எண்ணும் பொடியாகக் குத்தியிருப்பார்கள். எதற்காக என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரே சாதியில் பத்து மெலிஞ்சான் வந்தால் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க அது உதவியது. இங்கிலீஷ் எழுத்தை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பிளேடு உறையில் ஒன்று, பஸ் போர்டில் ஒன்று, மருந்துக்கடைப் பலகையில் ஒன்று என்று நானே பொறுக்கிச் சேர்த்தேன். வார்த்தையாகச் சேர்த்து வாசிக்க வராது. தனி எழுத்து தெரியும். என் கையில் வந்த ஒவ்வொரு ரேசரின் எழுத்தும் மனதில் இருக்கும்.

என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவனை வளர்த்தது இவள்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பின் அவனும் திருவனந்தபுரம் வந்து மொசைக் தரை போடும் வேலைக்குச் சேர்ந்தான். கிள்ளிப்பாலத்தில் எங்கள் வாடகை வீட்டிலேயே இருந்தான். இருபத்தாறு வயதில் அவனுக்குக் கல்ஃப் ஆசை பிடித்தது. பாஸ்போர்ட் எடுத்து முறையாகப் போனவர்கள் அன்று கொஞ்சம்தான். மற்றவர்கள் லாஞ்ச் என்கிற விசைப்படகில் ஒளிந்து போனார்கள். இவனும் பம்பாய் போய் லாஞ்ச் ஏறுவதாக முடிவு செய்தான். அவன் யார், எந்த ஊர் என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட அவனிடம் இருக்கப்போவதில்லை என்பதை நாங்கள் யாருமே அப்போது யோசிக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின வாரம் நான் அவனுக்கு ஒரு மெலிஞ்சானைக் கொடுத்தேன். கடையில் இருந்ததிலேயே நல்லது.

"இது எதுக்கு அத்தான்? அங்க மணல்ல நான் யார மயக்கப் போறேன்?" என்றான்.

"தாடியோட போய் நின்னா கரடி வந்திருக்குன்னு அரபி வெரட்டிருவான் மாப்ளே."

அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "நீங்க வேற. ஏற்கெனவே பொண்ணு பாக்கப் போவம்னா ஓடுதான். இனி கரடின்னு பேரும் வச்சாச்சு."

நான் ரேசரைத் தலைகீழாகப் பிடித்து அடித்தகட்டை அவனிடம் காட்டினேன். "பாத்துக்கோ, டபிள்யூ. இது களவு போனாலும் சரி, கடல்ல விழுந்தாலும் சரி, எவன் கையில பாத்தாலும் இது உன்னுதுன்னு நான் சொல்லிருவேன்."

"ஆமா, கடல்ல மீனுகிட்டப் போய் எழுத்துக் கேப்பாரு" என்று சிரித்தான்.

போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போட்டான். நாலு வரி. வேலை கிடைத்தது, வெயில் அதிகம், அக்காவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும், அடுத்த கடிதத்தில் விலாசம் எழுதுகிறேன். அடுத்த கடிதம் வரவில்லை. ஒரு வருஷம் போனது. மூன்றானது. ஐந்தானது.

என் மனைவிக்கு இரண்டே வழிதான் இருந்தது. தம்பி உயிரோடு இருந்தால் அவன் நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்யவேண்டும். செத்திருந்தால் ஆடி அமாவாசையன்று எள்ளும் சோறும் வைக்கவேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். பக்கத்து வீட்டுக்காரர்கள், "காணாமப் போய் இவ்வளவு காலம் ஆச்சு, ஒரு பிடி எள்ளு தெளிச்சிரும்மா, ஆத்மா அலையக்கூடாது" என்பார்கள். அவள் சீறுவாள். "உயிரோட இருக்கவனுக்கு எள்ளு தெளிச்சா அவன் ஆயுசுல்லா குறையும்? ஒங்க வாயக் கழுவுங்க." மாதம் தவறாமல் வலியசாலைக் கோயிலுக்குப் போய் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்துவந்தாள். ஆனால் ஆடி அமாவாசை வந்தால் அவளால் சாப்பிட முடியாது. ஒருவேளை அவன் செத்திருந்தால், அன்றைக்குப் பசியோடு வந்து வாசலில் நிற்பானோ என்ற பயம்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலை அந்த ஆள் என் கடைக்கு வந்தான். ஆற்றிங்கல் பக்கத்துக்காரன். கல்ஃபிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது, செண்டு மணத்தது. ஒரு டேப் ரிக்கார்டரையும் இரண்டு கடிகாரங்களையும் ஒரு ரேசரையும் மேசையில் வைத்தான். ரேசர் மெலிஞ்சான்.

"இது எங்க வாங்குனது?" என்றேன்.

"வாங்கினதல்ல அண்ணாச்சி. கேம்பில எனிக்குத் தந்த கட்டில்ல, தலயணைக்கடியில கிடந்தது. எனிக்கு முன்ன அதில கிடந்நது ஒரு பாண்டி. அவன் மரிச்சுப் போயி."

தமிழர்களைப் பாண்டி என்று சொல்வது இந்த ஊரில் உள்ளதுதான். நானும் முப்பது வருஷம் அந்தப் பெயரைக் கேட்டவன். அன்றைக்கு நான் கடிகாரங்களை ஒதுக்கிவிட்டு ரேசரை மட்டும் கையில் எடுத்தேன்.

"பேரு என்ன?"

"பேரொண்ணும் ஆருக்கும் தெரியாது. லாஞ்சில வந்நவன், பேப்பர் இல்ல. எல்லாரும் பாண்டின்னு விளிக்கும். நான் ஆளைக் கண்டதே இல்ல அண்ணாச்சி. பனி வந்து ரெண்டு நாள்ல போயின்னு சொல்லிக் கேட்டதுதான். அங்கதன்னே மண்ணில வச்சு." பனி என்றால் காய்ச்சல்.

தொழில் தெரிந்தவன் நான், பதறவில்லை. ரேசரை மேசையில் பூட்டியிருந்த இரும்பு இடுக்கியில், பட்டறைப் பிடி என்போம், வைத்துக் கதவைத் திறந்து, அடித்தகட்டை வெளிச்சத்தில் பார்த்தேன். எம். துலக்கமாக எம். வளையம் இரண்டில் நின்றது. என் மச்சினன் தாடிக்கு ஏழுக்குக் குறைந்து ஆகாது. அது மட்டுமில்லை, தலைக்கடியில் நிக்கல் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. நான் கொடுத்தது கண்ணாடி போல இருந்ததல்லவா? எழுத்து, வளையத்து எண், பூச்சு, மூன்றும் வேறு. எனக்கு மூச்சு வந்தது.

"இது நம்மாளுது இல்ல" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நடந்ததை ஆதியோடு அந்தமாய்ச் சொன்னேன். பாண்டி என்ற இடத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. நான் பாத்தாச்சு. அது வேற ரேசர். உன் தம்பியுதுக்கு டபிள்யூ, இதுக்கு எம்."

"நீங்க நல்லாப் பாத்தியளா?"

"ஏட்டி, யாருகிட்டக் கேக்க?"

"இல்ல, ஒருக்கா கொண்டுவந்து காட்டுங்க. நானும் பாத்துக்கிடுதேன்."

"ரேசரப் பத்தி உனக்கு என்ன தெரியும்? முகம் வழிக்கப் போறியா?"

அவள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டினாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். பக்கத்து நாலு வீட்டுக்கும் கொடுத்தாள். "எந்தா விசேஷம்?" என்று கேட்டவர்களிடம், "ஒண்ணுமில்ல, சும்மா" என்றாள். அவள் தம்பியை நானே கடல் தாண்டிப் போய்க் கூட்டிவந்ததுபோல என்னைப் பார்த்தாள். நானும் அப்படித்தான் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் பாயசம் குடித்தேன்.

ரேசரை அந்த ஆளிடம் வாங்கி வைத்திருந்தேன். அதே வாரம், தம்பானூரில் பஸ் மாறப் போகிற எவனோ ஒருவன் வந்து கேட்டான், கொடுத்துவிட்டேன். அவன் முகம்கூட நினைவில்லை.

அதற்குப் பிறகு எள்ளைப் பற்றி யார் பேசினாலும் அவள் நின்று பதில் சொல்வாள். "எங்க வீட்டுக்காரரு பாத்துச் சொல்லிட்டாரு. அவன் இருக்கான்." ஆடி அமாவாசையன்றும் சாப்பிட ஆரம்பித்தாள். இப்படியே ஏழு வருஷம் போனது.

சாஸ்தமங்கலத்தில் ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் இருந்தார். மலையாளி. பழைய ரேசர் சேர்ப்பது அவருக்குக் கிறுக்கு. சனிக்கிழமை தோறும் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் அளப்பதை எல்லாம் பொறுமையாகக் கேட்பார். ஒரு சனிக்கிழமை இரண்டு மூன்று வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன்.

"சார், உங்ககிட்ட எத்தனையோ மெலிஞ்சான் இருக்கலாம். டபிள்யூ எழுத்துப் போட்ட மெலிஞ்சான் இருக்கா? என் கையில இருந்திருக்கு."

அவர் சிரித்தார். "அண்ணாச்சி, அது நடக்காத காரியமாக்கும்."

"ஏன் நடக்காது? என் மச்சினனுக்கு என் கையால குடுத்தது."

"கேளுங்க. அந்த எழுத்து வருஷக் கணக்காக்கும். கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு எழுத்து மாத்தும். டபிள்யூ வந்ந காலத்தில நம்பர் செட்டே பிறக்கல்ல. அப்புறம் இசட் வரைக்கும் போயி, திரும்ப ஏ-யில தொடங்கி, டி வந்தப்பதான் முதல் தடியன் வந்தது. மெலிஞ்சான் அதுக்கும் பின்ன. எம், அப்புறம் என், அந்த ரெண்டு எழுத்தோட அதும் தீர்ந்நு. டபிள்யூ மெலிஞ்சான்னு ஒண்ணு இந்த பூமியில இல்ல."

"நான் கண்ணால பாத்தேன் சார்."

"பாத்திருக்கும். எப்படிப் பிடிச்சுப் பாத்தீங்க?" என்றவர், மேசையில் கிடந்த ஒரு மெலிஞ்சானை எடுத்துக் கதவைத் திறந்து என் முன்னே நீட்டினார். எம். பிறகு மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் பிடியை மேலே கொண்டுவந்தார். டபிள்யூ.

வாடிக்கையாளர் ஒருவர், "தள்ளே, அண்ணாச்சிக்கும் தப்பு பற்றிப் போயே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் மட்டும் நிறுத்திக்கொண்டார்.

தார்ப்பாயில் உட்கார்ந்து விற்ற காலத்தில் நான் ரேசரின் வாலைப் பிடித்துத் தூக்கி, தலை கீழே தொங்கப் பார்ப்பேன். கடையில் பட்டறைப் பிடி வந்தபிறகு வால் என் பக்கம், தலை அந்தப் பக்கம். மச்சினனுக்குக் கொடுத்தது தார்ப்பாய்ப் பழக்கம் விடாத காலம். ஆற்றிங்கல்காரன் கொண்டுவந்தபோது பட்டறைப் பழக்கம். எழுத்து அதேதான் இருந்திருக்கிறது. மாறியது நான் பிடித்த பிடி. வளையத்தை ஆற்றிங்கல்காரனே தன் தாடிக்குத் தக்கபடி திருப்பியிருப்பான். பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்றால் பக்கத்திலிருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்த்து எது மேல், எது கீழ் என்று தெரிந்துகொண்டிருப்பான். எனக்கு அந்தப் பெயர் வாசிக்க வராது. அது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எனக்கு ஒரு கோலம்தான்.

எம் எழுத்துள்ள மெலிஞ்சான் ஊரில் வேறு இருக்காதா என்று மூன்று நாள் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். இருக்கலாம். அந்த வாதத்தோடு அப்படியே இருந்துவிட்டிருந்தால் அவள் சாகும்வரை அர்ச்சனை செய்துகொண்டிருந்திருப்பாள். நாலாம் நாள் முடியவில்லை. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எம்மும் டபிள்யூவும் எப்படி ஒன்று என்பதைத் தரையில் விரலால் எழுதிக் காட்டினேன்.

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. "தலைக்கடியில மஞ்சளாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் போறதுக்கு மொத நாளு நான்தான் தேச்சேன். புளியும் சாம்பலும் போட்டு. பித்தளன்னு நீங்கதான சொன்னிய? வெளக்கு மாதிரி பளபளன்னு இருக்கட்டும்னு தேச்சா, வெள்ள எல்லாம் உரிஞ்சு மஞ்சளா வந்துட்டு. அத்தான் பாத்தா ஏசுவாருன்னு அவன்தான் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சான். ஒரே சிரிப்பு அவனுக்கு." கீரைக் காம்பை ஒவ்வொன்றாய் ஒரு பக்கம் வைத்தாள். "ஒருக்கா காட்டச் சொன்னேன்லா?"

எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சாவுக்குக் குளிப்பதுபோல. நான் வாளி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷ ஆடி அமாவாசைக்கு, இங்குள்ளவர்கள் கர்க்கடக வாவு என்பார்கள், திருவல்லம் கோயில் ஆற்றங்கரைக்குப் போனோம். எங்கள் வழக்கத்தில் பெண்கள் ஆற்றங்கரையில் பிண்டம் வைத்துப் பலி இடுவதில்லை. மலையாளத்துப் பெண்கள் இடுவார்கள். "இங்க வந்து இத்தன வருஷமாச்சுல்லா, இங்கத்த வழக்கப்படி நானே இடுதேன்" என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பின்னால் குடை பிடித்து நின்றேன். ஈரத் துணியோடு வரிசை வரிசையாக ஆட்கள்.

நம்பூதிரி வாழையிலையில் எள்ளும் தர்ப்பையும் வைத்துவிட்டு, "பேரும் நாளும் பற, சொல்லுங்க" என்றார்.

பெயரைச் சொன்னாள். பிறகு தயங்கினாள். "நாளு தெரியாது சாமி. எந்த நாளுன்னு சொல்ல யாருமில்ல."

மலையாளத்தில் நாள் என்றால் நட்சத்திரம். இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தவளுக்கு, மாதம் தவறாமல் அவன் நாளைச் சொல்லி அர்ச்சனை செய்தவளுக்கு, அது தெரியாதா? அன்றைக்கு மட்டும் அது அவன் செத்த நாளாகத்தான் அவள் காதில் விழுந்தது. நான் குனிந்து, "பூரட்டாதி" என்றேன். நம்பூதிரி தலையாட்டினார்.

சோற்றை உருட்டி இலையில் வைக்கச் சொன்னார். அவள் தன் பங்குச் சோற்றை வைத்துவிட்டு, கையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் தாங்க" என்றாள்.

"இத்தர மதி அம்மே. ஒரு ஆளுக்கு இது போதும்."

"ஏழு அமாவாசை சும்மா போயிட்டு சாமி. நான் வயிறார சாப்பிட்டேன். அவன் பசியோட வந்துட்டுப் போயிருப்பான்."

அவர் பாத்திரத்திலிருந்து இன்னொரு கை அள்ளி வைத்தார். அவள் இலையை மேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, நனைந்த இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். இங்கே காக்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஊரிலுள்ள காக்கையெல்லாம் அந்தக் கரையில்தான். தட்டி முடிக்குமுன் நாலைந்து வந்து இலையில் விழுந்தன. சோறு சிதறியது. எள்ளும் சிதறியது.

அவள் நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

"வந்துட்டுட்டி, பாரு, திங்குது" என்றேன். குடையை அவள் பக்கம் சாய்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இலை காலியாகிக் காக்கைகள் அடுத்த இலைக்குப் போய்விட்டன. அவள் கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.